ஆம்புரோசின் மீசையும் நல்லம்மாளின் மிளகாயும்

மீசையைச் சரிபார்க்க ஆம்புரோசுக்கு முகக்கண்ணாடி ஆகாது. யாருடைய மோட்டாராவது வேண்டும். பானெட்டின் மேல் குனிந்து, மூச்சுக் காற்றுப் படாமல் முகத்தை ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, இடப்பக்க மீசையின் நரைமயிர் தனியாகத் தெரிகிறதா என்று உற்றுப் பார்க்கிறார். தெரியவில்லை என்றால் குற்றம் மீசையில் இல்லை, மெழுகில். துணியை மடித்து மறுபடியும் தேய்க்கத் தொடங்குகிறார். தெரிந்துவிட்டால், "ஆங்... இப்பத்தான்லா முழிச்சிருக்க" என்கிறார். இது வண்டியைக் கொண்டுவந்த டிரைவரிடம் அல்ல. வண்டியிடம்.

ஈயம் விற்ற காசெல்லாம் மோட்டாராக மாறி ஈப்போச் சடக்குகளில் ஓடிக்கொண்டிருக்கும் காலம் இது. கோப்பெங் போய் வருகிற வண்டி செம்மண்ணைப் பூசிக்கொண்டு வருகிறது. சிம்பாங் பூலாய்ப் பக்கம் போனது சுண்ணாம்புத் தூளோடு, திருநீறு பூசிய பண்டாரமாக வருகிறது. இவற்றையெல்லாம் குளிப்பாட்டி, மெழுகு பூசி, முகம் தெரியும்படி ஆக்கி அனுப்புவதற்கென்றே ஒரு கடை வேண்டும் என்று இந்த நகரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஆம்புரோசுக்குத் தோன்றியது. நகரத்துக்கு ஏன் தோன்றவில்லை என்பதை மட்டும் அவர் யோசிக்க மறந்துவிட்டார்.

தேய்ப்பது அவருக்குத் தொழில் என்று சொன்னால் போதாது. அது கையில் பிடித்த வியாதி. அவரோடு நின்று பேசிப் பாருங்கள். பேச்சு முடிவதற்குள் உங்கள் குடைப்பிடி பளபளத்திருக்கும். உங்களிடம் குடை இல்லை என்றால் சட்டைப் பொத்தான். கோயிலில் பூசை முடியும்போது அவருக்கு முன்னாலுள்ள பெஞ்சின் முதுகு மின்னுகிறது. இதைக் கண்டுபிடித்த பங்குச் சாமியார், வாரம் ஒரு பெஞ்சாக அவரை மாற்றி மாற்றி உட்கார வைக்கிறார் என்று கேள்வி. இத்தனை மோட்டார்களைத் தொட்டவர், ஒன்றில்கூட ஏறிப் போனதில்லை. "ஏறி உக்காந்தா வெளிப்பக்கத்த எப்படிப் பாக்குறது?" என்று கேட்கிறார்.

முன்பு அவர் கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரையின் பங்களாவில் இருந்தார். வெள்ளிக் கரண்டி துடைக்கப் போனவர், துரை மோட்டார் வாங்கியதும் அதற்கு மாற்றப்பட்டார். அன்று பிடித்தது மோகம். பட்டணத்தில் கடை போடப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, பங்களாவின் பட்லர் அந்தோணிமுத்து வாசற்படி வரை வந்து வழியனுப்பினார்.

"போ மச்சான், போ. திரும்பி வராமலா போவ? ஆனா ஒண்ணு. திரும்பி வந்தா மோட்டாரு கெடையாது. பூட்ஸ்தான். துரையோடது, தொரசானியோடது, விருந்துக்கு வர்றவங்களோடது, எல்லாம் வரிசையா வச்சிருப்பேன்."

அன்றிலிருந்து ஆம்புரோசின் கனவில் பூட்ஸ் வருகிறது. விழித்திருக்கும்போது வெறுங்காலோடு நடக்கிறார்.

முழுக் கடைக்கு வழியில்லாமல் ஒரு கடைவீட்டின் இடது பாதியைப் பிடித்தார். வலது பாதியில் ஏற்கெனவே நல்லம்மாள் இருந்தாள். மிளகாய், மல்லி, மஞ்சள் இடித்து, தூளாக விற்பவள். அவளுடைய உரலின் சத்தத்தை வைத்துத்தான் அந்தத் தெருக்காரர்கள் எழுந்திருப்பது. இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு தேங்காய்நார்க் கயிறு. கயிற்றின் இந்தப் பக்கம் மெழுகும் டர்பன்டைனும் கொதிக்கும். அந்தப் பக்கம் மிளகாய் பறக்கும். இப்படிப்பட்ட இரண்டு தொழில்களை ஒரே கூரையின் கீழ் வைத்த பெருமை கடைக்குச் சொந்தக்காரரான சீனரையே சேரும். அவர் அந்தக் கடைக்குள் கால் வைப்பதில்லை.

கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடையின் மேல் இரண்டு பலகை போட்டு, அதன் வழியாக வண்டியை உள்ளே ஏற்ற வேண்டும். இடப்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினால்தான் கயிறு தப்பிக்கும். ஆனால் அப்போது வண்டியின் வலப்பக்கக் கதவுகளை மட்டுமே திறக்க முடியும். அவை திறப்பது நல்லம்மாளின் நாட்டுக்குள்.

"அண்ணே, உங்க கதவு என் எடத்துல நிக்கிது."

"கதவுக்கு எடம் தெரியுமா தங்கச்சி? தொறந்தா வருது."

"அப்ப என் மொளகாத்தூளுக்கும் எடம் தெரியாதுலா. பறந்தா வருது."

இந்த ராஜ்ய விவகாரம் கடைசியில் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. மெழுகு காயும் நேரத்தில் ஆம்புரோஸ் கயிற்றின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போடுவார். துண்டு கிடக்கும் வரை உலக்கை விழக்கூடாது. துண்டை எடுத்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் விழலாம். கதவைத் திறப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும். உலக நாடுகள் சண்டைக்குப் பின் மேசை போட்டு உட்கார்ந்து செய்துகொண்ட உடன்படிக்கைகளை விட இது ஒழுங்காகவே காப்பாற்றப்பட்டு வந்தது. அதற்குக் காரணம் ஒன்றுதான். மோட்டார்கள் வரவில்லை.

எந்த டிரைவரும் ஒரு வாளித் தண்ணீரை வீசிவிட்டு வேலை முடிந்தது என்றே நினைக்கிறான். பளபளப்பதற்கு ஒரு கடைக்குப் போவதா? முதல் மாதம் வந்தவை ஒரு வாடகை வண்டியும், தபால்காரருடைய சைக்கிளும். அந்தச் சைக்கிளின் மட்காட்டில் ஆம்புரோஸ் மீசை பார்த்தார். அந்த நீள அகலத்தில் பாதி மீசைதான் தெரிந்தது. மாதக் கடைசிக்குள் வேலை ஓடவில்லையென்றால் பாதிக் கடையைக் குடை பழுதுபார்ப்பவருக்கு விட்டுவிடப் போவதாகச் சீனர் ஆள் அனுப்பிச் சொன்னார். ஆம்புரோசின் மனைவி ரோசரி, தோட்டத்திலிருந்து வந்தபோது பிரித்த டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டி, நடுவீட்டில் வைத்தாள். அதையும் ஆம்புரோஸ் சும்மா விடவில்லை. இரும்புப் பூட்டைத் தேய்த்துப் பளபளக்க வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாயாண்டி வந்தான். ஈயச்சுரங்க முதலாளியான சீனத் தவுக்கே ஒருவருடைய டிரைவர். உடுப்பில் பித்தளைப் பொத்தான் வைத்தவன், அதனால் யாரிடமும் மெதுவாகவே பேசுவான். அவன் கொண்டுவந்தது, டிரைவருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு வைத்த, கன்னங்கரிய மூடு மோட்டார்.

"மச்சான், நாளைக்குத் தவுக்கே மகனுக்குக் கல்யாணம். இந்த வண்டியிலதான் போயி பொண்ணக் கூட்டியாரணும். ஈப்போவுல இருக்குற டிரைவருங்க பூராப் பேரும் அங்கதான் நிப்பானுங்க. வண்டி மின்னுச்சுன்னா ஒனக்கு வருசம் பூரா வேல. மின்னலன்னா..."

"பூட்ஸு" என்றார் ஆம்புரோஸ்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வண்டிய விட்டுட்டுப் போ, நாளைக்கு வா."

மறுநாள் விடிவதற்கு முன்பே கயிற்றின் மேல் துண்டு விழுந்துவிட்டது. நல்லம்மாளுக்கும் அன்று பெரிய வேலை. மாரியம்மன் கோயில் சாப்பாட்டுக்கு மூட்டை மிளகாய் இடித்துக் கொடுக்க வேண்டும். உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஆத்தா காத்துக்கிட்டு இருக்கா."

"மெழுகு காயல தங்கச்சி."

"உங்க மாதா சொன்னாத்தான் காயுமா?"

"ரெண்டு பேருக்கிட்டயும் சொல்லிட்டேன். கொஞ்சம் பொறு."

மெழுகு காய்ந்தது. தேய்த்தார். இடப்பக்க மீசையின் நரைமயிர் தெரிந்தது. வலப்பக்கத்தில் அவர் இதுவரை அறியாத இன்னொரு நரையும் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பான்? டர்பன்டைன் நாற்றம் போவதற்காக, உடன்படிக்கைப்படி நல்லம்மாளிடம் கேட்டு, வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்தார். பிறகு வண்டியின் மேல் தூசி படாமலிருக்க வீட்டிலுள்ள போர்வை, வேட்டி, ரோசரியின் கல்யாணச் சேலை எல்லாவற்றையும் கொண்டுவந்து போர்த்தினார். பானெட், கூரை, மட்காடு, விளக்கு, வெளியில் மின்னுவது எதுவும் பாக்கியில்லை. ஊசி நுழைய இடமில்லை என்று திருப்திப்பட்டுத் துண்டை எடுத்தார்.

நல்லம்மாள் உலக்கையைத் தூக்கினாள். காலையெல்லாம் அடக்கிவைத்த உலக்கை அது. கடை சிவந்தது. அந்தக் காற்றிலேயே மூச்சுவிட்டுப் பழகிய இரண்டு மூக்குகளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாயாண்டி வந்தான். ஆம்புரோஸ் போர்வைகளை ஒவ்வொன்றாக, சாமி தேருக்குத் திரை விலக்குவதுபோல் விலக்கினார். கதவைச் சாத்தினார். மாயாண்டி பானெட்டில் தன் பொத்தான்களைப் பார்த்தான், கண்ணாடித் தடுப்புக்கு முன்னாலுள்ள தன் இருக்கையில் ஏறி ஓட்டிக்கொண்டு போனான். வண்டி தெருமுனை திரும்பும் வரை ஆம்புரோஸ் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே" என்றாள் நல்லம்மாள், மிளகாயைச் சலித்தபடி. "கதவு தொறந்துல்ல கெடந்துச்சு?"

ஆம்புரோஸ் கயிற்றைப் பார்த்தார். உரலைப் பார்த்தார். கதவு நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே தரையில், கதவின் அளவுக்கு மட்டும், மிளகாய் படாமல் வெள்ளையாக இருந்தது.

அன்று மீதிப் பகல் முழுவதும் அவர் எதையும் தேய்க்கவில்லை. அவரை அறிந்தவர்கள் இதைப் படித்துப் பதறுவார்கள். ரோசரி டிரங்குப் பெட்டிக்குள் போர்வைகளை அடுக்கினாள். போர்வைகள் சிவப்பாக இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தும்மல் போட்டாள்.

சாயங்காலம் மாயாண்டி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"மச்சான், உண்மையச் சொல்லு. உள்ள என்னத்தப் போட்ட?"

"மெழுகு..." என்றார் ஆம்புரோஸ்.

"மெழுகாவது! இந்தப் பொண்ணு கான்வென்ட்டுல படிச்சதுலா. காலையிலேருந்து ஒரே சிரிப்பு. அவங்க வழக்கத்துல பொண்ணு அழுதுக்கிட்டுத்தான் பொறந்த வீட்ட விட்டுப் பொறப்படணும். அழலன்னா சியால், குடும்பத்துக்கே ஆகாதும்பாங்க. அவ அம்மா கெஞ்சுது. கிள்ளுது. ம்ஹூம். சிரிச்சுக்கிட்டே வந்து சீட்டுல தொப்புன்னு உக்காந்துச்சு பாரு..."

மாயாண்டி நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, மறுபடி வைத்துக்கொண்டான்.

"அழுதுச்சு மச்சான்! என்னா அழுக! அம்மாவப் பாத்து ஒரு அழுக, வீட்டப் பாத்து ஒரு அழுக. கூட ஏறுன ரெண்டு அத்தைங்களும் அழுக. போறப்ப எம் பக்கத்துல உக்காந்து வந்த மாப்பிள்ளையும் உள்ள ஏறுனதும் அழுதுட்டான்லா. ஆம்பள அழுகுறது வழக்கத்துல இல்ல. ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க, எம்மாம் எளகின மனசு பாருங்கன்னு அவங்களும் அழுதுட்டாங்க. கதவச் சாத்தக் குனிஞ்ச எனக்கே ரெண்டு சொட்டு. முதலாளி மேல எம்புட்டு விசுவாசம்னு தவுக்கே முதுகுல தட்டுறாரு!"

"போன ஆடியில வந்த மொளகா" என்றாள் நல்லம்மாள் கயிற்றுக்கு அப்பாலிருந்து. "நல்ல காரம்."

ஆம்புரோஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். பானெட்ட யாராவது பாத்தாங்களா?"

"கண்ணு நெறையத் தண்ணி மச்சான். என்னத்தப் பாக்குறது?"

டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் திரும்பிப் போனது. ஆனால் அன்றிரவு ஆம்புரோஸ் சரியாகச் சாப்பிடவில்லை என்று ரோசரி சொல்கிறாள்.

போன வாரம் இன்னொரு தவுக்கேயின் டிரைவர், நீலநிற மூடு மோட்டார் ஒன்றைப் பலகையில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவர்கள் வீட்டிலும் கல்யாணமாம். "அண்ணே, அந்த அழுவாச்சி பாலிஷ் இருக்குதாம்ல? அதப் போடச் சொன்னாங்க."

ஆம்புரோசின் முகம் சிவந்தது. "இங்க அதெல்லாம் கெடையாது தம்பி. இது மோட்டார் கட. மெழுகு இருக்கு, துணி இருக்கு, கை இருக்கு. மின்னுறதப் பாக்க வந்தா வா. அழுகுறதப் பாக்கணும்னா சாவு வீட்டுக்குப் போ."

டிரைவர் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆம்புரோஸ் நாள் முழுவதும் தேய்த்தார். தபால்காரருடைய சைக்கிளுக்குக் கொடுத்த மரியாதை குறையாமல் தேய்த்தார். நீலத்தில் மீசை கொஞ்சம் இளமையாகத் தெரிந்தது. "முழிச்சிட்ட" என்று வண்டியிடம் மெதுவாகச் சொன்னார். போர்வைகளைப் போர்த்தினார். கயிற்றிலிருந்து துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். நல்லம்மாள் உரலில் மிளகாயைக் கொட்டி, உலக்கையைக் கையில் பிடித்தபடி, கூரையில் என்னவோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புரோஸ் தெருவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்கதவின் பிடியைப் பற்றி, யாரிடமும் எதுவும் கேட்காமல், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அது போகிற மட்டும் அகலத் திறந்துவைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணாடி எதுவும் இல்லாமலேயே மீசையை முறுக்கிக்கொள்ளத் தொடங்கினார்.