உலைக்குப் போன லாரியில் என் ஜீப்பின் ஆக்சில்

காலை ஏழே கால் மணிக்குத் திருவள்ளூரிலிருந்து புறப்பட்டோம். பைக்கை என் கணவர் தாஸ் ஓட்டினார். பின்னால் நான். என் மடியில் குறுக்கே, கோணியில் சுற்றிய இரண்டரை அடி இரும்புத் தண்டு. அது இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்ததால் எதிரே வந்த ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் தண்டுக்கு ஆக்சில் ஷாஃப்ட் என்று பெயர். ஜீப்பின் பின்சக்கரத்தைச் சுழலவைப்பது அதுதான். ஒரு முனையில் பற்கள் வெட்டியிருக்கும். என் ஜீப்பில் அந்தப் பற்கள் முந்தின நாள் மாலை முறுக்கிக்கொண்டு மழுங்கிவிட்டன. இன்ஜின் உறுமியது, கியர் விழுந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. கடைசி அரை கிலோமீட்டர் தள்ளித்தான் நசீர் பாய் பட்டறையில் கொண்டுபோய் விட்டோம்.

நாங்கள் பைக்கில் கிளம்பியதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அதே ஜீப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக் காட்டியாக வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் சோதனை. ஏற்கெனவே ஒருமுறை தேதியைத் தள்ளி வாங்கியாயிற்று. இந்த முறையும் தவறினால் வண்டியை எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று தாஸிடம் நானே வாக்குக் கொடுத்திருந்தேன். கோபத்தில் கொடுத்த வாக்குதான். ஆனாலும் வாக்கு வாக்குதானே.

ஜீப் எதற்கு என்று எங்கள் ஊர் கடம்பத்தூரில் கேட்காத ஆள் இல்லை. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். தாஸ் இன்னும் அங்கேதான். போகவர கம்பெனி பஸ். பாதி நாள் உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே, ஒருநாள் நானே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து இதே ரோட்டில் போவேன் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று வருஷம் முன்னால் வேலையை விட்டபோது வந்த பணத்தில் இந்த ஜீப்பை வாங்கினேன். அதற்கு வயது என்னைவிட நான்குதான் குறைவு. தாஸ் அதை வண்டி என்றே சொல்வதில்லை. "உன் ஓட்டை" என்பார்.

நசீர் பாய் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "அக்கா, இப்ப வர்றதெல்லாம் பத்தொம்போது பல்லு. உன்து பத்துப் பல்லு. மெட்ராஸ்ல தெரிஞ்ச கடைங்க எல்லாம் போன் போட்டுட்டேன், இல்லங்கிறானுங்க. கவரப்பேட்டைல பழைய வண்டி உடைக்கிற யார்டுங்க கீது, போய்ப் பாரு. ஆனா இத்தக் கையோட எடுத்துக்கினு போ. பக்கத்துல வெச்சி அளக்காம எதுவும் வாங்கிடாத. லெஃப்ட்டு ஒரு நீளம், ரைட்டு ஒரு நீளம். எதுவும் கெடைக்கலன்னா லேத்துல கடைஞ்சி பாக்கலாம். அதுக்கும் இதான் அளவு."

எட்டேகாலுக்குப் பெரியபாளையம். இட்லியும் வடையும் இருவருக்கும் சேர்த்து தொண்ணூறு ரூபாய். ஆரணி தாண்டி, புதுவாயலில் நெடுஞ்சாலை ஏறினோம். அங்கிருந்து காற்றில் நெல் வாசனை போய் இரும்பு வாசனை வந்துவிடும். ஆந்திரா போகும் லாரிகள் உரசுவதுபோல் கடந்தன. கவரைப்பேட்டையில் இறங்கியபோது பைக் மீட்டர் நாற்பத்தைந்து கிலோமீட்டர் காட்டியது. என் தொடை மரத்துப்போயிருந்தது.

முதல் மூன்று யார்டுகளில் கார்களும் வேன்களும்தான். உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவது யார்டுக்குப் போகும்போது மணி பதினொன்று. உரிமையாளர் கஜேந்திரன், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் படாத மனிதர். என் தண்டைப் பார்த்ததுமே தலையாட்டினார்.

"பத்துப் பல்லு ஜீப்பு. ஒண்ணு இருந்திச்சி, தங்கச்சி. முந்தாநேத்துதான் பிரிச்சிப் போட்டோம்."

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "எங்கண்ணா கீது?"

வாசலில் நின்ற லாரியைக் காட்டினார். கழிவு இரும்பு குவிந்து, மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி இரும்பாலை உலைக்குப் போகும் லோடு அது.

"அதுலதான் கீது. ஆனா எடை போட்டு சீட்டு வாங்கியாச்சி. சீட்டு போட்டப்புறம் லோடுலேர்ந்து ஒரு ஆணிகூட எடுக்க மாட்டோம். எடை கொறஞ்சா அங்க மொத்த லோடையும் திருப்பி அனுப்பிடுவான்."

கெஞ்சினேன், விலை கூட்டிச் சொன்னேன், கொஞ்சம் சத்தமும் போட்டேன். அவர் சிரித்த முகத்துடனே மறுத்தார். கைவலி தாங்காமல் என் தண்டை லாரியின் பின்சக்கரத்தில் சாய்த்துவைத்துவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனேன். டீ பன்னிரண்டு ரூபாய், எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தால் லாரி இல்லை. என் தண்டும் இல்லை.

கயிறு கட்டியவரைக் கேட்டோம். "அதுவா? லோடுலேர்ந்து வுழுந்துச்சின்னு தூக்கி உள்ள போட்டுட்டேனே. லாரியாண்ட கெடந்தா லாரியோடதுதானே" என்றார், நியாயமாக. இரும்பு யார்டில், அதுவும் லோடு லாரியில், இரும்பைச் சாய்த்துவைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது. இப்போது ஷாஃப்ட்டும் இல்லை, அளவும் இல்லை.

"வுடு கஸ்தூரி. சாமியே சொல்லிடுச்சி" என்றார் தாஸ்.

"சாமி சொல்லல, கயிறு கட்டறவரு சொன்னாரு. வண்டிய எடுய்யா" என்றேன்.

கும்மிடிப்பூண்டி அங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் மரங்களின் இலையெல்லாம் செம்பழுப்பு. இரும்பாலை வாசலில் பதினான்கு லாரிகள் வரிசையில் நின்றன. உள்ளே காந்தம் தொங்கும் கிரேன் ஒன்று இரும்பை அள்ளி அள்ளிக் கொட்டுவது மதிலுக்கு மேலே தெரிந்தது. எங்கள் லாரி முன்னாலிருந்து நான்காவது. மணி பன்னிரண்டே முக்கால்.

டிரைவர் ரமணய்யா, ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்துக்காரர், லாரி நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"உன் இரும்பு ஏன் லாரில வந்திச்சி?" என்றார் நிதானமாக.

"தப்பா ஏத்திட்டாங்க நைனா. சீட்டு போட்டப்புறம் ஏத்துனது."

"அப்ப சீட்டுல கீற எடைய வுட என் லாரில ஜாஸ்தி கீது." கையை உதறினார். "அதுவும் பேஜாருதான். ஏறி உன்தை எடுத்துக்கோ. ஒண்ணுதான். ரெண்டு எடுத்தா எனக்கு எடை கொறையும்."

அப்போதுதான் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

"ஒண்ணுதானே நைனா? எது எடுத்தாலும் ஒரே எடைதானே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரிதான். டப்பு செலவில்லாம மாத்திக்கினு போறே. உன் யார்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுக்கோ, எனக்கு இன்னா."

கஜேந்திரனுக்குப் போன் செய்தேன். நடந்ததை இரண்டு முறை சொல்லவைத்தார். "போன எடைக்கு வந்த எடை. எடுத்துக்கோ தங்கச்சி" என்றார் கடைசியில்.

சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினேன். தாஸ் கீழே நின்று, "பாத்து, பாத்து" என்றார். வெயிலில் இரும்பு கையைச் சுட்டது. என் தண்டு மேலேயே கோணியோடு கிடந்தது. மற்றதுக்குத்தான் தோண்ட வேண்டியிருந்தது. கதவுகள், சைலன்சர்கள், யாரோ ஒருவருடைய சைக்கிள் ரிம். முன்னால் நின்ற மூன்று லாரிகளும் உள்ளே போய்விட்டன. ரமணய்யா இன்ஜினைப் போட்டார்.

ஒரு ஷாஃப்ட் கிடைத்தது. பத்துப் பல். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டு விரல் நீளம் குறைவு. அடுத்த பக்கத்துச் சக்கரத்துடையது. நசீர் பாய் மட்டும் சொல்லியிருக்காவிட்டால் அதைத்தான் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன்.

"ம்மா, கேட்டு தெறக்கறான்" என்று கத்தினார் ரமணய்யா.

சைக்கிள் ரிம்முக்கு அடியில் இன்னொன்றின் முனை தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பல் எண்ணினேன். பத்து. என் தண்டோடு சேர்த்துவைத்தேன். நூல் பிசகவில்லை. துரு இருந்தது, ஆனால் பற்கள் கத்தியாக நின்றன. என் பழைய தண்டை லாரியிலேயே விட்டுவிட்டு புதியதைத் தாஸிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினார். நான் குதித்து இறங்கியதும் லாரி உள்ளே போய்விட்டது. என்னால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

நான்கு மணிக்குத் திருவள்ளூர். நசீர் பாய் ஷாஃப்ட்டைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உன்த வுட நல்லாகீதே அக்கா" என்றார். ஆறரைக்கு ஜீப் பட்டறையிலிருந்து தன் காலில் வெளியே வந்தது.

மறுநாள் காலை பத்தே கால். அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார், முன்னே ஓட்டச் சொன்னார், பின்னே ஓட்டச் சொன்னார், பிரேக் போடச் சொன்னார். எல்லாம் போட்டேன். இறங்கி வந்தபோது அவர் எழுதிக்கொண்டே, "பழைய வண்டியா இருந்தாலும் நல்லா வெச்சிருக்கீங்க. யாரோட வண்டி?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் தாஸ் முந்திக்கொண்டார். "எங்க வண்டி சார்."

மூன்று வருஷத்தில் முதல்முறை. ஐந்து வருஷத்துக்குப் பதிவு நீண்டதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் மும்முரமாக டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பழைய இரும்பெல்லாம் கம்பியாகித் திரும்பி வருகிறது. எங்கள் ஊரில் புதிதாக எழும்பும் வீடுகளில் கம்பி கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், இனி என் பழைய ஷாஃப்ட் எந்தத் தூணுக்குள் நிற்கிறதோ என்று தோன்றும். அது நிற்கட்டும். நான் ஓடுகிறேன்.

அன்று தாஸுக்கு மதிய ஷிஃப்ட். வழக்கமான இடத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"தேர்வாய் கண்டிகை கம்பெனி கேட்டு வரைக்கும் வுட்டுட்டு வாயேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே கிளம்பினேன். உள்ளே நாலைந்து பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்கள். ஊத்துக்கோட்டை ரோட்டில் ஒரு நேரான இடம் வந்ததும் ஹாரன் அடித்து, பஸ்ஸைத் தாண்டிப் போனேன்.