கடைக்கு மேலே ஒரு புகார் அறை

மனு எழுதுகிறவனுக்குக் காது பெரிசா இருக்கணும் என்று, மனு எழுதியே பிழைத்த என் பெரியப்பா சொல்வார். கையைப் பற்றியும் ஏதோ சொல்வார். நீளமாக இருக்கக் கூடாது என்றாரா, சுத்தமாக இருக்கணும் என்றாரா, இப்போது சரியாக நினைவில்லை. நான் பெங்களூரில் ஒரு வீட்டுச் சாமான் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் புகார்களுக்குப் பதில் எழுதியவன். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ உங்களுக்கு எப்போதாவது ஒரு கடிதம் வந்திருந்தால், அது என் கைவண்ணமாகவும் இருக்கலாம். மன்னித்துவிடுங்கள். நாற்பத்தெட்டு வயதில் செஞ்சிக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, இப்போது புகார் எழுதிக் கொடுக்கிறேன்.

கீழே ஏழுமலையின் கடை. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாம் விற்கிறான். என்னோடு பத்தாவது வரை படித்தவன். மாடி அறைக்கு வாடகையே வேண்டாம் என்றான். "என் கடைக்குச் சண்டைக்கு வர்றவங்கள மேல அனுப்புறேன். நீ அந்த வருந்துகிறோம்றத வாயாலயே சொல்லி அனுப்பிடு" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது.

யார் மேல் புகார்?

சிங்கவரத்திலிருந்து ஒரு விவசாயி சைக்கிளில் வந்தார். கிணற்று மோட்டார் வாங்கிப் பதினைந்தாம் நாள் உள்ளே கம்பிச் சுருள் புகைந்துவிட்டது. வேர்க்கடலைக்குத் தண்ணீர் விட்டாக வேண்டிய நேரம். பில் இருந்தது, வாரண்டி அட்டை இருந்தது, அட்டையில் கடை முத்திரைகூட இருந்தது. இந்த மூன்றையும் ஒரே கையில் பார்ப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். உற்சாகமாக எழுத ஆரம்பித்தேன்.

கடைக்காரர் பெயரைப் போடப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். அவலூர்பேட்டையில் இருக்கும் அந்தக் கடைக்காரர் அவருடைய சம்பந்தியாம். சரி, கம்பெனி ஏஜெண்டு மேல் எழுதலாமா? ஏஜெண்டு சம்பந்தியின் தம்பி. அப்படியென்றால் யார் மேல்தான் புகார் எழுதுவது என்று கேட்டேன். பில்லை நாலாக மடித்துப் பையில் வைத்தபடி சொன்னார்:

"மோட்டாரு மேலயே எழுதுங்க சார். அதுக்குத்தான் இந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாரும் இல்ல."

சத்தத்தைக் காணோம்

பஸ் ஸ்டாண்டு வாசலில் காய்கறி விற்கும் அம்மா ஒருவர் வந்தார். வங்கியில் டெபாசிட் போடச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்தவர் நைசாக அதை இன்சூரன்ஸ் பாலிசியாக மாற்றிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அவசரத்துக்குப் பணத்தை எடுக்கப் போனபோதுதான் பத்து வருடம் கட்ட வேண்டும் என்கிறார்கள். நமக்கெல்லாம் நடந்ததுதான், நாம் வெளியே சொல்வதில்லை.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். விதி, தேதி, ரசீது எண் எல்லாம் வரிசையாக. படித்தும் காட்டினேன். அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிறதா என்றேன்.

"சரிதான் தம்பி. ஆனா நான் அங்க நின்னு அரை மணி நேரம் கத்துனேன். மேனேஜரு எழுந்து வெளிய வந்தாரு. அது எதுவும் இதுல இல்லயே. எனக்குப் பதிலா நீ போயி மன்னிப்புக் கேட்ட மாதிரி இருக்குது."

கிழித்துப் போட்டுவிட்டு, கத்தலிலிருந்து ஆரம்பித்தேன்.

அமாவாசை அனுபவம்

மேல்மலையனூர்ப் பெண் கவிதா, பி.காம். முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள், வேலைக்கு விண்ணப்பம் எழுத அப்பாவோடு வந்தாள். 'அனுபவம்' என்ற இடத்தில் கோடு போடச் சொன்னாள். அப்பாவும் தலையாட்டினார். வீட்டில் இருந்து என்ன செய்கிறாய் என்று சும்மா கேட்டேன். அமாவாசைக்கு அமாவாசை அவள்தான் கோவில் வாசலில் அப்பாவின் எலுமிச்சம்பழ மாலைக் கடையைப் பார்த்துக்கொள்கிறாளாம். விடிய விடிய கூட்டம், மூன்று பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, சில்லறை தீர்ந்தால் பஸ் கண்டக்டர்களிடம் மாற்றுவது, எல்லாம் அவள் பொறுப்பு. அத்தனையையும் ஆங்கிலத்தில் எழுதியபோது எனக்கே அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து இனிப்போடு வந்தாள். விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை. இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்றேன்.

"டென்ஷன் தாங்குவியான்னு கேட்டாங்க சார். இன்னா டென்ஷன், ஒரு அமாவாசைக்கு வந்து பாருங்கன்னேன்."

ஒரே மேசையில் மூன்று கடிதம்

இப்போது ஏழுமலை விவகாரம். செல்வி என்று ஒரு தையல்காரப் பெண் அவன் கடையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கியிருந்தாள். பத்து நிமிடம் ஓடினால் நின்றுவிடும். ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டரை எடுத்திருக்கிறாள். பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்காவிட்டால் ஆர்டர் திண்டிவனத்துக்குப் போய்விடும். அடுத்த வருடமும் திரும்பி வராது. ஏழுமலை வழக்கம்போல் மேலே அனுப்பிவிட்டான். "கீழ அண்ணன் அனுப்புனாரு. நீங்க இன்னாவோ சொல்வீங்களாமே" என்று எதிரே வந்து நின்றாள்.

இருபத்திரண்டு வருடம் சொன்ன வார்த்தை வாயில் வரவில்லை. பில்லை வாங்கி, ஏழுமலை மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். கீழே போய் அவனிடமே நீட்டிவிட்டாள். பத்து நிமிடத்தில் காகிதத்தோடு மாடியேறி வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நல்லாத்தான் எழுதியிருக்க. இதுக்குப் பதிலும் நீயே எழுதிக் குடுத்துடு" என்றான்.

'மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் ஏற்படும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' அந்த வரி எனக்குத் தூக்கத்திலும் வரும். பாதி எழுதியும்விட்டேன். பிறகு நிறுத்தி, கம்பெனிக்கு இதை எழுதினாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கடை வைத்த நாள் முதல் ஒரு மெஷினைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பதால் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கம்பெனி கொடுத்திருக்கும் கடைக்காரர் நம்பரோடு ஒரு கடிதமும், ஓடி நிற்பதைக் காட்டும் வீடியோவும் அனுப்பினால் எங்கள் பழைய கம்பெனியில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவோம். மற்ற கம்பெனிகளிலும் அப்படித்தான். செல்விக்கு எழுதியது ஒன்று, ஏழுமலைக்குப் பாதியில் விட்டது ஒன்று. மூன்றாவதைக் கம்பெனிக்கு எழுதினேன்.

ஒன்பதாம் நாள் புது மெஷின் வந்தது. செல்வி பள்ளி திறப்பதற்கு முதல் நாள் சீருடைகளை ஆட்டோவில் ஏற்றினாள். அன்று சாயங்காலம் ஏழுமலை இரண்டு டீயோடு மாடிக்கு வந்தான்.

"மேல உக்காந்து எனக்கு எதிரா எழுதுறத விட்டுட்டு, கீழ உக்காந்து எனக்காக எழுதுப்பா. சம்பளம் போட்டுத் தரேன், ஏசியும் இருக்குது."

அடுத்த மாதம் முதல் தேதி, மாடி அறைக்கு வாடகை கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.