சீன ரீச்சரும் எங்கள் ஜெபக் கடிதமும்

முதல் நாளிலிருந்தே நான் அந்த ரீச்சரை நம்பவில்லை. சீனம் படிப்பிக்கிறேன், சம்பளம் வேண்டாம் என்றார். இந்த ஊரில் ஒருவர் சும்மா எதையாவது தருகிறார் என்றால், கொஞ்ச நாளில் ஒரு காப்புறுதிப் பத்திரத்தையாவது மேசையில் எடுத்து வைப்பார் என்பது என் அனுபவம்.

டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடியிலேயே, எங்களுக்கு மூன்று மாடி மேலே தனியாக இருப்பவர். சீனாவில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். லிஃப்டில் என் கணவர் சீனப் புத்தகத்தை வைத்து முணுமுணுத்ததைக் கேட்டுச் சிரித்து, பிழை திருத்தி, செவ்வாயும் வெள்ளியும் வருகிறேன் என்று தானாகவே சொல்லிவிட்டார்.

கணவர் மிசிசாகாவில் விமான நிலைய வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தவர். எங்கள் தமிழ்ச் சபை எங்களைச் சீனர் மத்தியில் ஊழியம் செய்ய அனுப்பியிருந்தது. அனுப்பியது என்றால் கப்பலேற்றி அல்ல. எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் இருக்கிற சீன முதியவர்களிடம்தான். பாஷை தெரியாமல் எதைச் சொல்வது? ஆகவே கணவரும் நானும் இங்கே பிறந்த எங்கள் மகளும் சாப்பாட்டு மேசையில் கொப்பியோடு உட்கார்ந்தோம்.

"கர்த்தர் திறந்த கதவு" என்றார் கணவர்.

"கதவால ஆர் வருகினம் எண்டு பாக்க வேணும்தானே" என்றேன் நான்.

ரீச்சர் வரும்போது ஒரு சின்ன வெள்ளைப் பலகையும், பிளாஸ்கில் சுடுதண்ணீரும் கொண்டு வருவார். எங்கள் தேநீரைத் தொடமாட்டார். நாங்கள் என்ன நஞ்சா கலந்து கொடுக்கப் போகிறோம் என்று எனக்குள் எரியும். புதன்கிழமை எங்கள் வீட்டில் நடக்கிற ஜெபக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், சத்தமாகப் பாடுவீர்களா என்றெல்லாம் கேட்பார். அந்தக் கிழமையே நடைபாதையில் சப்பாத்து வைக்கக்கூடாது என்று கட்டட அலுவலகத்திலிருந்து அறிவித்தல் துண்டு வந்தது. எல்லா வீட்டுக் கதவின் கீழும் வந்திருந்தது என்று மகள் சொன்னாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. ரீச்சர்தான் போய் முறையிட்டிருப்பார் என்று நினைத்தேன்.

இன்னொன்று. கணவர் கேட்டுக் கேட்டு அலுத்தும் அவர் வேதாகமச் சொற்களைப் படிப்பிக்கவில்லை. பாவம், இரட்சிப்பு, ஜெபம் எதுவும் இல்லை. "முதலில் காய்கறி" என்பார். கோவா, கத்தரிக்காய், பஸ், மழை, நாளைக்குப் பனி கொட்டும். வேண்டுமென்றே எங்களைச் சந்தைக்குள் சுற்ற விட்டிருக்கிறார், கோவிலுக்குள் விடமாட்டார் என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாடம் முடிந்து கணவர் வெளியே போனபின், ரீச்சர் குசினிக்குள் வந்து என்னோடு நின்றார். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். இதுதான் சமயம் என்று ஆங்கிலத்தில் நேரே கேட்டேன். ஏன் எங்களுக்குச் சும்மா படிப்பிக்கிறீர்கள்?

அவர் அடுப்பைக் குறைத்துவிட்டார். பிறகு, தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். தன் கணவர் இறந்து ஆறு வருடம். வான்கூவரில் ஒரே மகன். மூன்று வருடமாக அவன் பேசுவதில்லை, தொலைபேசியை எடுப்பதில்லை. ஏன் என்று சொல்லவில்லை. "வீட்டில் வாய் திறந்தால் என் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது" என்றார். இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். உண்மையாகவே பிடித்தேன். எனக்கும் இந்தக் கட்டடத்தில் அப்படிக் கதைக்க ஒருவரும் இருக்கவில்லை.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் பாடத்தைவிடக் குசினிக் கதைதான் நீளமாக இருந்தது. ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? ஒருநாள் நான் வெங்காயம் எடுக்கத் திரும்பியபோது, அவர் எங்கள் பிரிட்ஜ் கதவைத் தன் தொலைபேசியால் படம் எடுப்பதைக் கண்டேன். நான் பார்த்ததும் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அன்று கணவர் வந்ததும் வராததுமாகத் தொடங்கினேன். "அவ எங்கட வீட்டை வேவு பாக்கிறா. படமெடுத்தவ. என்ர கண்ணால கண்டனான்."

"இஞ்சேரும், பிரிட்ஜில என்ன இராணுவ இரகசியமே கிடக்குது?"

பிரிட்ஜில் கிடந்தது எங்கள் ஜெபக் கடிதம். ஊழியத்தைத் தாங்குகிற பிறம்ரன், மிசிசாகாச் சபைகளுக்கு மாதாமாதம் நாங்கள் எழுதி அனுப்புவது. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளையும் நிலைமையையும் விளக்கி எழுதவேண்டும். அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மிஷனரிமாரும் எங்கள் பூட்டிமாரைப் பற்றி இப்படித்தான் தங்கள் ஊருக்கு எழுதியிருப்பார்கள். கணவருக்குத் தமிழில் எழுத்து ஓடாது. எழுதுவது நான். ஒரு பிரதியை பிரிட்ஜில் ஒட்டி நாங்களும் ஜெபிப்போம். அந்த மாதக் கடிதத்துக்கு, "அந்தச் சீன அன்ரிக்காக நாங்கள் உபவாசம் இருக்கிறம்" என்று பிறம்ரனில் இருந்து பதில் வந்திருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த செவ்வாய் ரீச்சர் நேரத்துக்கு வந்தார். பலகையில் சொற்களை எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். வழக்கம்போல நாங்கள் மூவரும் ஒன்றாகச் சத்தமிட்டு வாசித்தோம். மகன். தொலைபேசி. தனிமை. விதவை.

ஐந்தாவது சொல் அறுவடை. கணவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரோ, வேதாகமச் சொல் வந்திட்டுது!" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதை இன்னும் இரண்டு தரம் உரக்கச் சொன்னார்.

மகள் வாசிப்பதை நிறுத்தியிருந்தாள். "அம்மா," என்றாள் மெதுவாக, "உது உங்கட லெட்டர்."

நான் திரும்பி பிரிட்ஜைப் பார்த்தேன். நான் எழுதிய வரிகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. எங்கள் ரீச்சர் தனிமையில் வாடும் ஒரு விதவை. பெற்ற மகனே தொலைபேசி எடுப்பதில்லை. இந்தத் துயரத்தால் அவருடைய உள்ளம் இளகி வருகிறது, அறுவடைக்காக ஜெபியுங்கள். மேலே அவருடைய படம், எங்கள் மகளோடு மேசையில் சிரித்துக்கொண்டு. பிரிட்ஜில் தன் முகத்தைக் கண்ட மனுஷி கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அறிய விரும்பியிருக்கிறார். தொலைபேசியில் படமெடுத்தால் அதுவே மொழிபெயர்த்துக் கொடுக்கும் காலம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைப் பற்றியே தமிழில் வாயாரக் கதைத்துவிட்டு இறங்குகிற ஆட்கள் நாங்கள். தமிழில் எழுதினால் பூட்டி வைத்த மாதிரி என்று நினைத்துவிட்டேன்.

"இந்தச் சொற்களை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றார் ரீச்சர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கணவருக்கும் அப்போது விளங்கிவிட்டது. கொப்பியை மூடினார்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல். பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்துவிட்டால் சொல்வதற்கென்று அவரே படிப்பித்த சொல். அதைச் சொன்னேன்.

"அது காலை மிதித்ததற்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். எத்தனை பேர் வாசித்தார்கள்?"

எனக்குத் தெரியாது. சபைக்காரர் அதை யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அதையே சொன்னேன். எவர் எங்களைப் பற்றி எங்கே சொல்கிறார் என்று மாதக்கணக்காய்த் துப்பறிந்தவள் நான். வெட்கமாக இருந்தது.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தார். இன்றுவரை வருகிறார். இப்போது வேதாகமச் சொற்களும் படிப்பிக்கிறார். கணவர் பக்கத்துக் கட்டடத்து முதியவர்களுக்கு முன் சின்னதாக ஒரு ஜெபம் செய்யுமளவுக்கு வந்துவிட்டார். கடிதத்தில் நான் ரீச்சரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. பிறம்ரன்காரர் இன்னும் கேட்கிறார்கள்.

பாடம் முடிந்ததும் ரீச்சர் பலகையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போய்விடுவார். நான் குசினியில் நின்று லிஃப்ட் வரும் சத்தத்தைக் கேட்பேன். மகன் தொலைபேசி எடுத்தானா என்று அவருடைய பாஷையிலேயே இப்போது என்னால் கேட்க முடியும். அதற்கு வேண்டிய சொற்களை அவர் எழுதித் தந்திருக்கிறார். கேட்கத்தான் வாய் வரவில்லை.