ஓரத்தில் விட்ட ஒரு முழம்

என் மனைவியின் தங்கைக்கு வீட்டில் பெயர் அவசரம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியிலேயே பிறந்துவிட்டதால் வந்த பெயர். மற்றபடி பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் நான் ஒரு டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே இஸ்திரி போட ஆள் நீளத்துக்குச் சூடான உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஈரப் போர்வையை இரண்டு முனையிலும் பிடித்து அதற்குள் விட வேண்டும். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அந்த ஆவிக்குள் நின்றுகொண்டு அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். கையை மிஷின் கடிக்காமல் எப்படித் தப்பிக்கிறாளோ, எனக்குப் புரிந்ததில்லை.

சைக்கிளில் ஏறினால் மட்டும் வேறு ஆள். அது சரளை சைக்கிள். பார்க்கப் பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த கொம்பு ஹேண்டில், ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் டயர் பட்டை. தார் ரோட்டிலும் பறக்கும், தார் முடிந்து கல்லும் மண்ணும் ஆரம்பித்தாலும் பறக்கும். டயரில் காற்றைக் குறைத்தால் கல்லில் வேகம் கூடும் என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன்.

“காத்து எறங்குனா வேகம் கூடுமா? என்கிட்டயே கதை விடுறியா?”

“கெட்டியா இருந்தா ஒவ்வொரு கல்லும் தூக்கி அடிக்கும் மாமா. கொஞ்சம் எளகி இருந்தா, கல்லு மேல அப்படியே வழிஞ்சு போயிடலாம்.”

வழிஞ்சு போயிடலாமாம். போர்வைக் கூடத்து ஆவி மூளைக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் ரோட்டில்தான் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக கிரேடர் ஓட்டுகிறேன். வயிற்றுக்கடியில் பெரிய கத்தி வைத்த வண்டி. சரளை ரோட்டில் பள்ளம் விழுந்தால் கத்தியை இறக்கிச் சுரண்டி, சமமாக இழுத்துவிட்டுக்கொண்டே போவேன். மணிக்கு ஆறு கிலோமீட்டர். “வீட்டுல ஒண்ணு ரோட்டுல பறக்குது, ஒண்ணு ரோட்டுல தவழுது” என்பாள் என் மனைவி.

வருடத்துக்கு ஒருமுறை இங்கே நூறு கிலோமீட்டர் பந்தயம் நடக்கும். பாதி தார், பாதி சரளை. நடுவில் வரும் பதினாலு கிலோமீட்டர் என் ரோடு. போன வருடம் அவசரம் நாலு மணி நேரம் ஆறு நிமிடத்தில் வந்தாள். சைக்கிள் கிளப்பின் தலைவி ஒரு பல் டாக்டர். இந்த முறை நாலு மணி நேரத்துக்குள் வந்தால் கிளப் அணியில் இடம் என்று அந்தம்மா சொல்லிவிட்டார். அணியில் சேர்ந்தால் மாதம் ஒரு ஊர், மாதம் ஒரு ரோடு.

“எனக்குத் தெரியாத ரோட்டுல போகணும் மாமா,” என்றாள். முப்பத்தாறு வயதில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பந்தயத்துக்கு முந்தின நாள், சாப்பாட்டின்போது பெருமையாக அவிழ்த்துவிட்டேன்.

“நேத்து உன் ரோட்டுல கிரேடரை விட்டேன். உன் போர்வை மாதிரி இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். ஒரு பள்ளம் கெடையாது.”

அவள் கை தட்டிலேயே நின்றது. “பூராவுமா?”

“பதினாலும்!”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது முழங்கால்வரை புழுதி. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“மாவு மாதிரி இருக்கு மாமா. சக்கரம் புதையுது.”

பிறகுதான் விளங்கியது. மாதக்கணக்கில் லாரி டயர் அழுத்தி அழுத்தி, ரோட்டில் இரண்டு தடம் சிமெண்டு போல இறுகிக் கிடந்தது. பள்ளங்களுக்கு நடுவே அந்தத் தடம் எங்கே வளைகிறது, எங்கே விலகுகிறது என்று அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அதைத்தான் நான் கத்தியால் பெயர்த்துப் போட்டிருந்தேன்.

“இவரு என் கம்பளிச் சட்டையை வெந்நீர்ல தொவைச்சு பொம்மைச் சட்டை ஆக்குனவருதானே,” என்றாள் மனைவி. “நல்லது பண்றேன்னு கெளம்புனாலே எனக்குப் பகீர்ங்குது.”

“தண்ணி அடிச்சு ரோலர் விட்டு இறுக்கிடறேன்.”

“அது காயவே ரெண்டு நாள் ஆகும்,” என்றாள் அவசரம். “பரவால்ல மாமா. விடுங்க.”

அந்த ‘விடுங்க’தான் உறைத்தது. நான் விட்டது ஒன்று இருந்தது. கத்தியை ரோட்டின் விளிம்புவரை யாரும் கொண்டுபோக மாட்டோம். கால்வாய்க்கரை சரிந்துவிடும், மைல்கல் பெயர்ந்துவிடும். ஓரத்தில் ஒரு முழம் தொடாமல் விடுவோம். அந்த முழம் பழைய இறுக்கத்திலேயே கிடக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது.

“எழுதிக்கோ,” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். வண்டிக்குள் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. கத்தியில் கல் உரசும் சத்தம், முன்னால் மெதுவாகச் சுருளும் வெள்ளைப் புழுதி. முதல் மூணு கிலோமீட்டர் இடது ஓரம். சின்னப் பாலம் தாண்டினதும் வலது. புளியமரம் சாய்ந்த இடத்தில் முழம் சாணாகக் குறையும், ஆனால் கெட்டி. பதினாலு கிலோமீட்டரையும் நாற்காலியில் உட்கார்ந்தே ஓட்டினேன். அவள் வெள்ளை டேப்பில் எழுதி, சைக்கிளின் நடுக்கம்பியில் ஒட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிளம்பும் கோட்டில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த டேப்பைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். நான் ஓடிப்போய் அவள் ஹேண்டிலைப் பிடித்தேன்.

“ஏம்மா, இதையா ஊருக்கெல்லாம் சொல்லுவ?”

“நீங்க எனக்கு மட்டுமா மாமா ரோடு போடுறீங்க?”

பாதிப் பேர் கேட்கவேயில்லை. ஒரு நெட்டையன், “ஓரத்துல கால்வாய்தான் இருக்கு, நீச்சலும் உண்டா?” என்றான்.

நானும் மனைவியும் குறுக்கு வழியில் பஸ் பிடித்துப் பாலத்தருகே போய் நின்றோம். வெயில் ஏறுவதற்கு முந்தின வெளிச்சம். முதலில் நெட்டையன் கூட்டம் நடு ரோட்டில் வந்தது. சக்கரம் புதைந்து, ஆள் ஆட, பாம்பு போல நெளிந்தார்கள். புழுதி எழுந்து அவர்களை மூடியது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, விளிம்பை ஒட்டி, அவள் வந்தாள். கால்வாய்க்கும் டயருக்கும் ஒரு சாண்கூட இல்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் எறும்பு வரிசையாக. அந்த முழத்தில் முந்த இடமில்லை. எதிர்காற்று முழுக்க அவள் முகத்தில், மற்றவர்கள் காற்று படாமல் அவள் மறைவில். சத்தமே இல்லை, மெல்லிய சரசரப்பு மட்டும், தூரத்தில் மழை வருகிற மாதிரி. ஆவிக்குள் நிற்கும்போது இருக்கும் அதே முகம். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. “வலது! வலது!” என்று நான் கத்தியதற்கு முன்பே வலதுக்குப் போயிருந்தாள். அப்படியே வழிந்து போய்விட்டாள். அந்தச் சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

தார் வந்ததும் வரிசையில் வந்தவர்களில் நாலு பேர் அவளை முந்திவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் முன்னால் வந்து, கடைசி இருபது கிலோமீட்டர் அவளுக்காகக் காற்றைத் தாங்கினானாம்.

நான் மனைவியோடு பஸ் பிடித்து முடிவுக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பல் டாக்டர் கையில் அணிச் சட்டையோடு என்னிடம் வந்தார்.

“மூணு அம்பத்தெட்டு. உங்க கொழுந்தியாவுக்கு என்ன அளவு சட்டை?”

“எனக்கென்னங்க தெரியும்? எழுப்பிக் கேளுங்க.”

அவசரம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் புல்லில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா குனிந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மடித்து அவள் சைக்கிள் ஹேண்டிலில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தார்.