சூடேறினால் சிக்கும் ஸ்லைடு

கடைத்தெருவில் எல்லோரும் அவரைக் 'கார்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய வண்டி எதுவும் வழியில் நின்று அடம்பிடித்தால், கார்புவிடம் தள்ளிக்கொண்டு போ என்பார்கள். கார்புரேட்டரைக் கழற்றித் தகரத் தட்டில் பரப்பிவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மனைவி வாசலில் நின்று, அந்தக் கார்புரேட்டரையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று அலுத்துக்கொள்வாள். அது பெட்ரோல் மட்டும்தான் குடிக்கும், வாய் பேசாது என்பார் அவர். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிக்க வரும். கூடப் பிறந்தது ஒரே தங்கை. அவள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் ஆளாக அவர்தான் போய் நிற்பார்.

தங்கையின் கணவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வாயாலேயே சுவர் எழுப்பக்கூடியவர். யாரையும் கேட்காமல் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். வண்டியில் ஒரே ஒரு கோளாறு. கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறிவிட்டால், ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தாலும் இன்ஜின் அடங்காது, கத்திக்கொண்டே இருக்கும்.

பட்டறைக்கு வந்த வண்டியில் கார்பு முதலில் ஆக்சிலேட்டர் கேபிளைச் சந்தேகப்பட்டார். கழற்றி இழுத்துப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்காவது காற்று புகுகிறதோ என்று இணைப்பைச் சுற்றிக் கிரீஸ் அப்பினார். சத்தம் மாறவில்லை. பிறகுதான் கார்புரேட்டரை முழுதாகப் பிரித்தார். கைப்பிடியைத் திருகும்போது அதனுள்ளே ஏறி இறங்கிக் காற்றுக்கு வழிவிடும் உருளை ஒன்று உண்டு, ஸ்லைடு என்பார்கள். ஆறியிருக்கும்போது அது டக்கென்று விழுந்தது. அடுப்பில் வெந்நீர் வைத்து, அதில் கார்புரேட்டரைக் கொஞ்ச நேரம் போட்டெடுத்து ஸ்லைடை விட்டார். பாதியில் நின்றுகொண்டது. முன்பு எவனோ போல்ட்டை வெறிபிடித்தவன் போல முறுக்கியதில் கார்புரேட்டரின் உடம்பு கோணி, ஸ்லைடு முழுக்கக் கீறல்.

கோணலைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்தார். பெட்ரோல் பாயும் பொடித்துளை ஜெட்டுகளை ஊதிக் கழுவினார். மிதவை ஊசியையும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டார். ஸ்லைடு மட்டும் வெளியூரிலிருந்து வரவேண்டும். சாமான்கள் சிதறாமல் இருக்கட்டும் என்று பழைய ஸ்லைடையே உள்ளே வைத்து மூடி வண்டியில் மாட்டிவைத்தார். கேட்க வந்த மாப்பிள்ளையிடம் தெளிவாகவே சொன்னார்.

"வண்டியைத் தொடாதீங்க மாப்பிள்ளை. ஸ்லைடு வந்ததும் நானே கொண்டாந்து விடுறேன்."

தலையாட்டிவிட்டுப் போனவர், மறுநாள் கார்பு சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்த இன்னொரு சாவியைக் கொண்டுவந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். புதிதாக வந்த மேலாளர் முன்னால் அதில் போய் இறங்கவேண்டும் என்று ஆசை. பாலத்து வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தார். வேகம் குறையவில்லை. நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் போய் மோதினார். முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுக்கவேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் தங்கை கார்புவைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினாள்.

"ரெடியாயிடுச்சுன்னு நீ சொல்லித்தானே அவரு எடுத்தாரு?"

"நான் சொல்லலம்மா. எடுக்காதீங்கன்னுதான் சொன்னேன். அவரையே கேளு."

"கேட்டுட்டேன். காலே போய்க் கிடக்கிற மனுஷன் பொய் சொல்லுவாராண்ணே?"

பாதி திறந்திருந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. படுத்திருந்தவர் இவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றோடு தங்கை வீட்டு வாசல் அடைபட்டது. தெருவும் சும்மா இருக்கவில்லை. தங்கச்சி புருஷனுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்னவாகும் என்று வண்டிகள் அடுத்த தெருவுக்குப் போயின. மனைவி நியாயம் கேட்கக் கிளம்பியபோது அவர்தான் தடுத்தார். வாழ்கிற வீட்டைப் போய்க் கலைக்கவேண்டாம் என்றார். சொன்னாரே தவிர, மனசு ஆறவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டு வேலையைச் சோதிக்கும்போதெல்லாம் ஒரு தடவைக்கு நாலு தடவை செய்து பார்த்தார்.

சில வருஷங்கள் கழித்துத் தங்கையிடமிருந்து ஆள் வந்தது. மூலையில் கிடக்கும் வண்டியை விற்கவேண்டும், வந்து ஓடவைத்துத் தரமுடியுமா என்று. மனைவி முறைத்தாள். அவர் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போனார். தங்கை கூப்பிட்டுவிட்டாளே என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

முற்றத்தில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்தார். பழைய பெட்ரோல் பிசினாய் உறைந்து நாறியது. ஜெட்டுகளை ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் ஒவ்வொரு துளையாக நோண்டினார். தங்கை ஒரு சொம்புத் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. அவள் கணவர் வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"நீங்க சொன்னது எனக்கு மறக்கல மச்சான்," என்றார் மெதுவாக. "அவகிட்ட உண்மையைச் சொன்னா எனக்கு யாரு இருக்கா? உங்களுக்குக் கை கால் இருக்கு. எப்படியும் பொழைச்சுக்குவீங்க."

கார்பு நிமிரவில்லை. கையிலிருந்த ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கி, துளை தெரிகிறதா என்று பார்த்தார்.

"தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை, வெளிச்சம் மறைக்குது."

அன்று வெளியூரிலிருந்து வந்து பட்டறையிலேயே கிடந்த புது ஸ்லைடைக் கொண்டுவந்திருந்தார், அதைப் போட்டு மூடினார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, முறுக்கிக் கையை எடுத்தார். இன்ஜின் சட்டென்று அடங்கியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அடங்கியது.

தங்கை நிலைப்படியில் வந்து நின்றாள். அவரைப் பார்க்காமல் கணவரிடம் சொன்னாள்.

"வண்டி வாங்க வர்றவங்களுக்கு ஏதாச்சும் ஆயிடப் போகுது. வேற மெக்கானிக் யார்கிட்டயாவது ஒருதடவை காட்டிருங்க."

கணவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு, சரி என்றார்.

கார்பு ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டார். தண்ணீரைத் தொடாமல் எழுந்து நடந்தார்.