தாட்சாயிணியின் ஊருக்கு ஒரு டூர்

புஷ்பாவின் கையில் பால் பாக்கெட்டைக் கொடுத்தால் முதலில் கவிழ்த்துப் பார்ப்பாள், எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று. அப்புறம் கொடுத்தவன் முகத்தைப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்வாள். ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்கு அவள் குடிவந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்த பிளாக்கில் எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் வாட்ச்மேனைக் கேட்பது வீண். "நீ மட்டும் போலீஸில சேந்திருந்தா ஆவடியில பாதிப் பேரு உள்ள இருந்திருப்பான்" என்பார் அவள் கணவர் சண்முகசுந்தரம். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவள் எப்படி டூர் நடத்துகிறாள் என்று கேட்கலாம். நடத்தினாள், அதுவும் ஒழுங்காக. தொழிற்சாலைக்காரர்களின் வீடுகள் என்றால் பல ஊர்க்காரர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் இடம். ஆகவே பிளாக் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வேன் எடுத்து, ஒருத்தியின் பிறந்த ஊருக்கு எல்லோரும் போய்வர வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சேரும் கூட்டத்தைப் பார்த்தாலே புஷ்பாவுக்கு முகம் கோணிவிடும். "நாலு பேருக்குத் தெரிஞ்ச இடத்துல போயி என்னத்தைப் பாக்க?" என்பாள். அவள் ஊரான கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் வாய்க்கால் படித்துறையில் விழுந்து குளித்தார்கள். மைதிலியின் ஊரில், வேதாரண்யத்தைத் தாண்டி, உப்பளத்து வரப்பில் நடந்தார்கள். சௌம்யாவின் ஊரில் ஜவ்வாது மலை அடிவாரத்துப் பலாத்தோப்பில் மத்தியானம் முழுக்கத் தூங்கினார்கள்.

எல்லோருடைய ஊரும் முடிந்துவிட்டது. பாக்கி தாட்சாயிணி ஒருத்திதான்.

கீழ்வீட்டு தாட்சாயிணியும் அவள் கணவன் ஹேமநாதனும் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். நல்ல பெண், குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கு வரும். ஆனால் ஊர்ப் பேச்சு எடுத்தால் நழுவிவிடுவாள். அரக்கோணத்துப் பக்கம் ஏதோ கிராமம் என்பாள், பெயர் சொல்லமாட்டாள். ஒரு வருஷம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாள், மறு வருஷம் அம்மை போட்டிருக்கிறது என்றாள். போதாதா புஷ்பாவுக்கு? அதோடு இன்னொன்று. தினமும் பதினோரு மணிக்கு ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கேட்டால் தையல் கிளாஸாம். தையல் கிளாஸுக்கு எதற்கு மூன்றடுக்கு டிபன் கேரியர்?

"ஆம்பளை விவகாரமா இருக்குமோ?" என்று கணவரிடம் கிசுகிசுத்தாள்.

"அந்த விவகாரத்துக்கு யாராவது தினமும் கேரியர்ல சோறு கொண்டு போவாளா? பேசாம இரு" என்றார் சண்முகசுந்தரம்.

பேசாமல் இருக்கிற பிறவியா அவள்? அந்தச் செவ்வாய்க்கிழமை தாட்சாயிணி கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஏறியதும், புஷ்பா இன்னொரு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள்.

"அந்த வண்டி பின்னாடியே போணுமா? இன்னா மேட்டரும்மா?" என்றான் டிரைவர்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஆட்டோ மெயின் ரோட்டில் போயிற்று, திரும்பிற்று, மறுபடி திரும்பிற்று. குப்பை மேடு, கல்யாண மண்டபம், புழுதி பறக்கும் குறுகிய ரோடு. இப்படி ஒளிந்து ஒளிந்து ஒருத்தி வருகிறாள் என்றால் அது நல்ல இடமாக இருக்காது. கையோடு பிடித்து நாலு பேர் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ரோடு ஒரு சின்ன ஏரிக்கரையில் முடிந்தது. ஆலமரம், கரையோரம் பத்துப் பதினைந்து வீடுகள். தண்ணீரில் வெள்ளைக் கொக்குகள் நின்றன. மனுஷ நடமாட்டமே இல்லை. இவ்வளவு அமைதியான இடம் ஆவடியில் இருக்கிறதா என்று வியந்துதான் போனாள். தாட்சாயிணி ஓட்டு வீடு ஒன்றுக்குள் நுழைந்தாள். புஷ்பா பின்னாலேயே போனாள். வாசலில் தலையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏரியின் எதிர்க்கரையில் உயரமான காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு மேலே ஒரு பால்கனி. பால்கனிக் கொடியில், அன்று காலை அவள் துவைத்துப் போட்ட மாம்பழக் கலர் புடவை.

"யாரும்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கட்டிலில் கால் வீங்கிய பெரியவர் ஒருவர். பக்கத்தில் தாட்சாயிணி, கையில் திறந்த கேரியரோடு. புஷ்பாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க பிளாக்கு அக்கா, நைனா" என்றாள் ஒருவழியாக.

"அட, வாம்மா, குந்து! எம் பொண்ணைப் பாக்க அங்கேர்ந்து ஒருத்தர்கூட வந்ததில்ல" என்றார் அந்தப் பெரியவர் திருவேங்கடம். அவருக்கு ஒரே சந்தோஷம். மோர் கொடுக்கச் சொன்னார். அந்தக் குவார்ட்டர்ஸ் நிலத்தில் அவருடைய அப்பா நெல் போட்டிருந்ததைச் சொன்னார். புஷ்பா மோரை வாயில் வைத்தபோது அவர் குரல் தணிந்தது.

"முன்னாடி இது அந்தச் செவுத்து ஓட்டையில பூந்து, கரையோட நடந்தே வந்துடும். சோறு சூடா இருக்கும். யாரோ ஒரு அம்மா கம்ப்ளைண்ட் குடுத்து அடைச்சுட்டாங்களாம். வெயில்ல இம்மாந்தூரம் சுத்திக்கினு வருது. இன்னாத்துக்கும்மா அடைச்சாங்க? உனக்கு யாருன்னு தெரியுமா?"

அடைத்தது புஷ்பாதான். கொடியில் காய்ந்த இரண்டு பெட்ஷீட் காணாமல் போனதற்கு, ஏரிக்காரர்கள் வேலைதான் என்று குவார்ட்டர்ஸ் ஆபீஸில் போய்ச் சண்டை போட்டு, சிமெண்ட் பூசும்வரை கொத்தனார் பக்கத்திலேயே நின்றவள்.

"அக்காவுக்கு எப்படி நைனா தெரியும்? யாரோ" என்றாள் தாட்சாயிணி, குனிந்து சோற்றைப் பிசைந்தபடி.

வெளியே வந்ததும் புஷ்பாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. "இதை ஏம்ளா மறைச்சே? என்ன தப்பு இதுல?"

"குடிவந்த அன்னிக்கே மாடியிலேர்ந்து கை காட்டிச் சொன்னீங்களேக்கா. செவுத்துக்கு அந்தாண்ட எல்லாம் திருட்டுக் கும்பல், கதவைத் திறந்து போடாதேன்னு. அதுக்கப்புறம் அதான் எங்க ஊருன்னு எந்த வாயால சொல்றது?" என்றாள் தாட்சாயிணி. "பிளாக்குல போய்ச் சொல்லிடுவீங்களாக்கா? நான் அங்க குடியிருக்கணும்."

இருபது வருஷமாக எல்லோரையும் உற்று உற்றுப் பார்த்த புஷ்பா, தன்னைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு பயந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரே ஆட்டோவில்தான் திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் டூர் கூட்டம். "தாட்சா, இந்த வருஷமாவது உங்க ஊரா? இல்ல, இந்த வருஷமும் அம்மையா?" என்று சௌம்யா சிரித்தாள். தாட்சாயிணி புஷ்பாவைப் பார்த்தாள். புஷ்பா வாயைத் திறக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் தாட்சாயிணி எழுந்தாள். கைப்பிடிச் சுவரோரம் போய் ஏரிக்கரை ஓட்டு வீட்டைக் கை காட்டினாள்.

"அதான் எங்க ஊடு. எங்க நைனா அங்கதான் கீறாரு."

சௌம்யாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மைதிலிதான் முதலில் எட்டிப் பார்த்து, "இதுக்கு வேனே வேண்டாமே! ஆனா நடுவுல சுவர் இருக்கே, எப்படிப் போறது?" என்றாள்.

எல்லோர் கண்களும் புஷ்பாவின் பக்கம் திரும்பின.

"சுத்திக்கிட்டுத்தான் போகணும்" என்றாள் புஷ்பா. "தூரந்தான். குடை எடுத்துக்கிடுங்க. இவ தினமும் போற வழி. நான் ஓட்டையை அடைச்சதால போற வழி."

மறுநாள் காலை குவார்ட்டர்ஸ் ஆபீஸ் திறக்கும் முன்பே, அந்த ஓட்டையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க அவள் வாசலில் நின்றாள்.