அறுப்பின் பண்டிகைக்குப் போன மலைப்பூ

பாக்கியவதி அக்கா எங்கள் தெருவுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன் முப்பது வருஷம் மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். வீட்டுக்காரர் வேதநாயகத்தை அடக்கம் பண்ணியதும் அங்கேதான். எஸ்டேட்டை மூடி எல்லாரையும் மலையிலிருந்து கீழே இறக்கிவிட்டபோது, கல்லறையோரத்தில் தண்ணீர் கசிகிற பாறையிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கித் தூக்குவாளியில் ஒளித்து வனத்துறைச் செக்போஸ்டைத் தாண்டிவிட்டார்கள். காசித்தும்பை மாதிரிதான் இருக்கும். ஆனால் கீழே யாரும் அதைப் பார்த்ததில்லை.

காட்டுச் செடியை எடுப்பது குற்றம் என்று அக்காவுக்குத் தெரியும். ஜெயிலுக்குக்கூடப் பயப்படவில்லை. ஈஸ்டருக்குக் கல்லறைக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதிப் பட்டியலில் பேரை அடித்துவிட்டால் வீட்டுக்காரரை இனிப் போய்ப் பார்க்கவே முடியாதே என்றுதான் பயம். காக்கிச் சட்டை தெருவில் தெரிந்தால் போதும், செடி வைத்த தொட்டிமேல் கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள்.

போன ஐப்பசியில் முதல் பூ விட்டது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு, வீட்டில் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுபோகாமல் இருக்க மாட்டோம். ஆண்டவருக்கு உரியதை ஒளித்தால் அது இன்னொரு திருட்டு என்றார்கள் அக்கா. பூசணிக்காய், வாழைத்தாருக்கு நடுவே வைத்தால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

ஏலம் போடுகிற சுவிசேஷமுத்து அண்ணாச்சி தொட்டியைத் தலைக்குமேல் தூக்கி, "இது யாரு வீட்டுச் செடிவே? பூவே புதுசால்லா இருக்கு" என்றார்.

கூட்டத்தில் எஸ்றா நின்றார். அந்த வனத்துறைச் செக்போஸ்டில்தான் வாட்சர் வேலை. அவர்தான் ஏலம் கேட்டார். எதிர்த்து யாரும் கேட்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்தார்கள்.

தொட்டியோடு நேரே எங்களிடம் வந்து, மாஞ்சோலையா என்று கேட்டார்.

"அவுக தலைமாட்டுல நின்னது தம்பி. தப்புதான்."

எஸ்றா சுற்றிலும் பார்த்துவிட்டு, தொட்டியை அக்கா கையில் கொடுத்துப் பையச் சொன்னார். "ஈஸ்டருக்கு வரும்போது இத உயிரோட கொண்டாங்கக்கா. எடுத்த இடத்துலயே வச்சிருங்க. இல்லன்னா நான் மேல சொல்ல வேண்டியது வரும்."

இப்போது பங்குனி வெயில். காற்றே அனலாக அடிக்கிறது. செடியில் நேற்றுவரை மூன்று இலைதான் மிச்சம். அக்கா அதற்காக உபவாசம் இருக்கிறார்கள். செடிக்காக ஜெபிக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். நானும் கூட முழங்காலில் நின்றேன்.

இன்று காலை இன்னும் ஒரு இலை உதிர்ந்தது. ஈஸ்டருக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. அக்கா முற்றத்தில் உட்கார்ந்து, தான் வெயிலில் இருந்துகொண்டு, தொட்டிக்குக் குடை பிடித்திருக்கிறார்கள்.